ஐந்தாம் லயத்து உத்திரம்

திருவனந்தபுரம்
4-2-2024

அன்புள்ள நாச்சியார் மதினிக்கு,

கௌசல்யா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அங்கே நீங்கள், அண்ணன், ஜானவிக்குட்டி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? ஜானவியின் சளி விட்டதா?

போனில் சொல்லலாம் என்றால் உங்களுக்கு ரேஞ்ச் கிடைப்பது ஆட்களுக்குப் பேர் எடுக்கிற மஸ்டர் ஷெட் வளைவில் மட்டும். அங்கே நின்று பேசினால் கங்காணி முதல் மானேஜர் வரை எல்லார் காதும் நம் பக்கம்தான். அதனால்தான் கடிதம்.

பொங்கலுக்கு வந்தபோது உள் அறை உத்திரத்தில் ஒட்டியிருந்த மரக்காளானில் ஒரு துண்டு வெட்டி எடுத்து வந்தேனே, "திருவனந்தபுரத்துல காளானுக்குப் பஞ்சமா?" என்று கேலி செய்தீர்கள். மதினி, அது சாதாரணக் காளான் இல்லை. வயதான, பெரிய நாங்கு மரம் செத்து விழுந்தால் அதன் வைரத்தை மட்டும் தின்று மட்கச் செய்யும் இனம் அது. அந்தப் பருமனுள்ள மரங்களை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலேயே வெட்டித் தேயிலை எஸ்டேட் கட்டிவிட்டார்கள். மரம் போனதோடு காளானும் அழிந்துவிட்டது என்றுதான் புத்தகங்களில் இருக்கிறது. இத்தனை வருடம் காட்டில் தேடியவர்களுக்குக் கிடைக்காதது நம் வீட்டுத் தலைக்குமேல் இருக்கிறது. அந்தக் காட்டு மரம்தான் நம் உத்திரம்.

எங்கள் ஆய்வகத் தலைவர் ஹரிகுமார் சார் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "கௌசல்யே, நினக்கு ஒரு ஜென்மத்துக்கு இது மதி" என்றார். ஒரு ஜென்மத்துக்கு இது போதுமாம்.

கொண்டுவந்த துண்டை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தேன், வளரவில்லை. மழை பிடித்ததும் அது கீழ்ப்பக்கம் புதிதாக விரிந்து விதை மாதிரித் தூள் உதிர்க்கும். அந்தத் தூளைப் பிடித்துவிட்டால் எத்தனை வேண்டுமானாலும் வளர்க்கலாம். அதுவரை உத்திரத்தைத் தொட வேண்டாம். வருடாவருடம் பூசுகிற கறுப்பு ஆயிலையும் இந்த முறை பூச வேண்டாம். ஜூன் வரைக்கும்தான்.

எஸ்டேட் ஆபீசுக்கும் எங்களிடமிருந்து ஒரு கடிதம் வரும். நான் எழுதியது, சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

அண்ணனிடம் சொல்லுங்கள். ஜானவிக்கு என் முத்தம்.

கௌசல்யா


பொன்முடி, ஐந்தாம் லயம்
25-2-2024

கௌசல்யாவுக்கு மதினி நாச்சியார் எழுதுவது.

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். ஜானவிக்குச் சளி போய் இருமல் வந்திருக்கிறது. ஓட்டில் ஒழுகுகிற வீட்டில் வேறென்ன வரும். நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஹாஸ்டல் சோற்றை நம்பி உடம்பைக் கெடுக்காதே.

உன் கடிதம் வந்தது. ஆபீசுக்கு நீ எழுதிய கடிதமும் வந்தது. அது என்ன செய்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நீ இந்த லயத்தில் பிறந்தவள். வரிசையில் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே உத்திரம்தான் ஓடுகிறது என்பதை மறந்துவிட்டாயா? மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்து, கடைசியில் யூனியன்காரர்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் இந்த மழைக்கு முன் கூரை மாற்றித் தருகிறோம் என்று மானேஜர் ஒத்துக்கொண்டார். விதுரையிலிருந்து ஆசாரி வந்து அளவெடுத்தார். மறுநாள் மரம் இறக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து உன் கடிதம். ஆசாரி திரும்பிப் போய்விட்டார்.

மானேஜருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "உங்க நாத்தனார் பெரிய ஆளாயிட்டாங்க. இனி உங்க கூரையை காளான் ஆபீஸ் பாத்துக்கும்" என்றார். இத்தனை வருடம் காசில்லை என்றவருக்கு நீ நல்ல காரணம் ஒன்று கொடுத்துவிட்டாய். உத்திரத்தை எடுக்க முடியாதென்றால் கூரையைத் தொட முடியாது. எங்கள் வீடு மட்டுமல்ல, ஆறு வீடும்.

பக்கத்து வீட்டு முத்தாரம்மாள் அத்தை குழாயடியில் என்னைப் பார்த்து, "ஆறு குடும்பத்துக் கூரையை ஒரு காளான் தின்னுட்டு. அதுக்குச் சோறு போட்டு வளத்தவ இவ நாத்தனா" என்கிறாள். பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன்.

உன் காளானுக்கு நேர்கீழேதான் ஜானவி படுக்கிறாள். வேறு அறை இல்லை என்பதும் உனக்குத் தெரியும்.

ஆபீசுக்கு இன்னொரு கடிதம் எழுது. கூரையை மாற்றலாம் என்று எழுது.

நாச்சியார்


திருவனந்தபுரம்
6-3-2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்கள் கோபமாக இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதத் தொடங்குகிறேன். ஜானவியின் இருமலுக்கு மருந்து வாங்கி, தம்பானூரில் பொன்முடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.

நான் மறக்கவில்லை மதினி. ஆறு வீட்டு உத்திரமும் ஒன்று என்று தெரியும். ஆசாரி வந்து அளவெடுத்தது தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேனா என்று கேட்டால், உண்மையாகவே எனக்குப் பதில் தெரியவில்லை.

சாரிடம் பேசினேன். உத்திரத்தில் அந்தத் துண்டை மட்டும் அறுத்துப் பத்திரமாக வேறு இடத்தில் வைக்கலாமே என்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார். இருந்த இடத்திலேயே, இருந்தபடியே காட்டினால்தான் உலகம் நம்புமாம். அசைத்தால் உள்ளே ஓடும் இழைகள் அறுந்துவிடுமாம். இரண்டாவது கொஞ்சம் உண்மை. முதலாவதுதான் அவருக்கு முக்கியம்.

ஜூன் மாதம் தூள் கிடைத்ததும் எங்கள் ஸ்தாபனமே புது உத்திரம் போட்டுத் தரும். சார் வாயால் சொல்லியிருக்கிறார். அதுவரை உத்திரத்துக்கு ஒரு முட்டுக் கொடுங்கள். அண்ணனுக்கு அது தெரியும்.

என் ஒப்பந்தம் ஜூன் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்பது இந்தக் காளானை வைத்துத்தான். இதை உங்களிடம் ஒரு காரணமாகச் சொல்லவில்லை.

உங்கள்
கௌசல்யா


பொன்முடி
14-4-2024

கௌசல்யாவுக்கு,

சித்திரை பிறந்துவிட்டது. பாயசம் வைத்தேன், வாசலில் அடுப்பு மூட்டி. ஏன் வாசலில் என்று சொல்கிறேன்.

மருந்து வந்தது. இருமல் பரவாயில்லை. உன் அண்ணன் யூகலிப்டஸ் கழி ஒன்றை வெட்டிவந்து, காளானை ஒட்டி, உளுத்த இடத்துக்கு நேர்கீழே முட்டுக் கொடுத்திருக்கிறார். இப்போது ஜானவி அந்தக் கழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

போன வாரம் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள், நீ இல்லை. செருப்போடு உள்ளே வந்தார்கள். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை. வாசலில் ஒரு போர்டு அடித்தார்கள். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. அபூர்வ உயிரினம், தொடக்கூடாது என்று அர்த்தமாம். பிறகு ஒருவர் என் அடுப்பைப் பார்த்து, "சேச்சி, இவிட புகை பட்டில்ல கேட்டோ" என்றார். உள்ளே புகை கூடாதாம், அதனால்தான் அடுப்பு வாசலில். மழை வந்தால் எங்கே சமைப்பது என்று கேட்டேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

காளானுக்கு ஒரு போர்டு இருக்கிறது. எங்கள் லயத்துக் கக்கூசுக்குக் கதவு இல்லை. அதையும் குறித்துக்கொண்டார்களா என்று உன் சாரிடம் கேட்டுச் சொல்.

குழாயடியில் இப்போது என்னோடு யாரும் பேசுவதில்லை. நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நாச்சியார்


திருவனந்தபுரம்
22-4-2024

அன்புள்ள மதினிக்கு,

சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அடுப்பு விஷயம் தெரியாது. அவர்களிடம் சண்டை போட்டேன். "நீ ஆ லயத்துக்காரி அல்லே, அதான் இத்ர சூடு" என்று ஒருவன் சிரித்தான். நான் லயத்துக்காரி என்பது காளான் கிடைத்த அன்று அவர்களுக்குப் பெருமையாக இருந்தது. நீங்கள் உள்ளேயே சமையுங்கள். புகையில் அது சாகாது. உங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வீட்டுப் புகையில்தானே இருக்கிறது.

மே பன்னிரண்டாம் தேதி சாரோடு நானும் வருகிறேன். நேரில் பேசலாம்.

கௌசல்யா


பொன்முடி
19-5-2024

கௌசல்யா,

நீ வந்து போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். இதில் நலம் விசாரிப்பதற்கு ஒன்றுமில்லை.

நீ வந்தாய், ஜானவியைத் தூக்கினாய், பலகாரம் கொடுத்தாய். நேரில் பேசலாம் என்று எழுதியிருந்தாய், உன் சார் பேச விடவில்லை. முட்டு காளானை மறைக்கிறது, படம் எடுக்க முடியவில்லை என்றார். "மாற்று" என்றார். உன் அண்ணன் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாகவே நின்றார். நீதான் கழியை அசைத்து, அடியில் வைத்திருந்த கல்லை உதைத்துத் தள்ளி, இரண்டு முழம் தள்ளி நட்டாய். உளுக்காத இடத்தில் நட்டாய். கேட்டதற்கு, "மதினி, அது நசுங்குது" என்றாய். போகும்போது பழைய இடத்தில் திரும்ப நடவும் இல்லை. மறந்தாயா, வேண்டாம் என்று விட்டாயா, எனக்குத் தெரியாது. நாங்களும் பெரிய படிப்புக்காரர்கள் வைத்த இடமாயிற்றே என்று விட்டுவிட்டோம். அது எங்கள் முட்டாள்தனம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோடைமழை. நானும் உன் அண்ணனும் கொழுந்துக் காட்டில். ஜானவியைத் தூங்கவைத்துவிட்டுப் போயிருந்தேன். உத்திரம் அந்த உளுத்த இடத்தில் கீழே இறங்கி, மேலிருந்த ஓடெல்லாம் சட்டத்தோடு பாயில் விழுந்தது. அவள் தலை வைக்கிற பக்கம்.

அவள் பாயில் இல்லை. முத்தாரம்மாள் அத்தை, என்னோடு மூன்று மாதமாகப் பேசாத அந்தப் பொம்பளை, பிள்ளை தலையைச் சொறிவதைப் பார்த்துப் பேன் எடுக்கத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். அவ்வளவுதான். வேறு எந்தக் காரணமும் இல்லை, உன் மருமகள் உயிரோடு இருப்பதற்கு.

உன் காளானுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மானேஜர் வந்து பார்த்தார். உங்கள் ஆபீசிலிருந்து எழுத்தில் வராமல் ஒரு ஆணியைக்கூடத் தொட முடியாது என்றார். மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறோம்.

நாச்சியார்


திருவனந்தபுரம்
23-5-2024

மதினி,

நான் மறக்கவில்லை. பழைய இடத்தில் நட்டால் காளானில் உரசுமே என்றுதான் விட்டேன். இரண்டு முழம்தானே, தாங்கும் என்று நினைத்தேன். இதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஜானவியை அந்த அறையில் விடாதீர்கள். அண்ணனிடம் சொல்லி எல்லாரும் முத்தாரம்மாள் அத்தை வீட்டிலோ ஸ்கூலிலோ படுத்துக்கொள்ளுங்கள்.

ஆபீசுக்கு எழுத்தில் கொடுக்கச் சொல்லி சாரிடம் மன்றாடினேன். ஜூன் பத்தாம் தேதி வந்து தூள் எடுத்துவிட்டு, அன்றே எழுதித் தருவதாகச் சொல்கிறார். இன்னும் கொஞ்ச நாள்தான். கெட்டியாக மழை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்கிறேன்.

கௌசல்யா


பொன்முடி
2-6-2024

அன்புள்ள கௌசல்யாவுக்கு மதினி நாச்சியார் எழுதிக்கொள்வது.

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். உன் அண்ணன் நலம். ஜானவி நலம். முத்தாரம்மாள் அத்தையும் நலம், உன்னைக் கேட்டதாகச் சொன்னாள். இங்கே நல்ல மழை.

உத்திரம் நன்றாக இருக்கிறது. பத்தாம் தேதி வருவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் யாரும் வர மாட்டீர்கள்தானே? தேதி மாறினால் முன்கூட்டியே எழுது. காபிக்குப் பால் சொல்லி வைக்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு
நாச்சியார்


திருவனந்தபுரம்
12-6-2024

மதினி,

அன்றைக்கு உங்கள் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீங்கள் என்றைக்கு எனக்கு இப்படி மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள்?

பத்தாம் தேதி சாரோடு வந்து நின்றேன். உள் அறையில் தலையைத் தூக்கினால் புது யூகலிப்டஸ் மரம், புதுத் தகரம். உத்திரத்தில் காளான் இருந்த இடத்தை அறுத்தே எடுத்திருக்கிறீர்கள். வீடு பூட்டாமல் கிடந்தது. ஆறு வீட்டிலும் ஒரு ஆள் இல்லை. மானேஜர்தான் குடையோடு எங்களுக்காகக் காத்து நின்றார். எஸ்டேட் கட்டடத்தை உடைத்ததாகவும், அபூர்வ உயிரினத்தை அழித்ததாகவும் உங்கள் பேரில் புகார் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

எனக்குக் கோபம் மதினி. நீங்கள் அறுத்ததற்கு இல்லை. ஜானவி படுக்கிற இடம் அது, நானாக இருந்தாலும் அறுத்திருப்பேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றுதான். சொல்லியிருந்தால் சாருக்குத் தெரியாமல் வந்து, நானே சோலைக்குள் ஓடையோரம் நிழலில் வைத்திருப்பேன். ஈரம் விடாத இடத்தில் வைத்தால் பிழைக்கும்.

இப்போது என்ன நடக்கிறது என்று கேளுங்கள். போலீசுக்கு எங்கள் ஸ்தாபனத்திலிருந்து ஓர் அறிக்கை வேண்டுமாம், அது எந்தக் காளான் என்று. சார் என்னை எழுதச் சொல்லியிருக்கிறார். கண்டுபிடித்தது நான். ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் வேறு மாதிரி இல்லை. நுண்ணோக்கியில் நான் பார்த்ததும், நான் வைத்திருக்கும் அந்தக் காய்ந்த துண்டும்தான் ஆதாரம். அது அதே இனம்தான். எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அதை எழுதினால் என் வேலை நிலைக்கும், பேர் நிலைக்கும், உங்கள் பேரில் கேஸும் நிலைக்கும்.

மரத்துண்டு எங்கே? அதை முதலில் சொல்லுங்கள்.

கௌசல்யா


கல்லாறு
17-6-2024

கௌசல்யாவுக்கு,

இதைக் கல்லாற்றில் திரவியம் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனிமேல் எஸ்டேட் விலாசத்துக்குக் கடிதம் போடாதே. மே மாதக் கடிதம் பசை பிரிந்துதான் என் கைக்கு வந்தது, போன கடிதம் எப்படியோ தப்பி ஒட்டியபடியே வந்தது. அண்ணாச்சி பேருக்குப் போடு, ரேஷன் வாங்க வரும்போது எடுத்துக்கொள்வேன்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்றா கேட்கிறாய்? சொன்னால் நீ பொறுத்துக்கொள்ளச் சொல்வாய். இரண்டு தரம் சொன்னாய். மூன்றாவது தரம் கேட்டால் உன்னை வெறுத்துவிடுவேனோ என்றிருந்தது.

நாங்கள் பொம்பளைகள் மட்டும்தான் செய்தோம். ஆம்பளைகள் செய்தால் வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று முத்தாரம்மாள் அத்தை சொன்னாள். மரம் அறுக்கிற வாளை அவள்தான் இரவல் வாங்கி வந்தாள். அறுத்த துண்டை எறியவில்லை. நனைத்த சாக்கைச் சுற்றி, கொல்லையில் கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வைத்தேன். அத்தை கேட்டாள், "இன்னும் அதுக்கு என்னத்துக்குடி சேவகம்?" என்று. நம்ம வீட்டுப் பிள்ளை கேட்டது என்றேன்.

மானேஜர் ஆள் வைத்து அதைத் தூக்கிப் போய்விட்டார். சாட்சியமாம். ஃபாக்டரியில் தேயிலை உலர்த்துகிற ட்ரையருக்கு அடுத்த அறையில் வைத்துப் போலீஸ் சீல் வைத்திருக்கிறார்கள். அந்த அறை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். நனைந்த சட்டையைப் போட்டால் தேநீர் குடிப்பதற்குள் காய்ந்துவிடும். உன் காளான் அங்கே கிடக்கிறது.

உன் அண்ணனை ஸ்டேஷனில் ஒரு பகல் முழுவதும் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. கேஸ் உள்ளவர்களுக்கு லயத்தில் இடமில்லை என்று மானேஜர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். நாங்கள் போட்ட தகரம் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான். மற்ற ஐந்து வீடும் ஒழுகுகிறது. காளான் விஷயம் தீரும்வரை கூரையைத் தொட முடியாது என்று இன்னும் அதே பாட்டுத்தான் பாடுகிறார்.

ஸ்டேஷன் ரைட்டர் கொஞ்சம் நல்ல மாதிரி. விதுரைக்காரர். "இது சாதா காளானா இருந்தா எங்களுக்கு இதுல ஜோலியே இல்ல, சேச்சி. வீட்டுக்காரனும் வாடகைக்காரனும் போல உங்க சண்டை. சாட்சி மரத்தையும் விறகுக்குக் கொடுத்துருவோம். ரிப்போர்ட் வரட்டும்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு தரம் கேட்டேன், பிப்ரவரியில்.

மழை விடவில்லை. நீ நனையாதே.

நாச்சியார்


திருவனந்தபுரம்
24-6-2024

அன்புள்ள மதினிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அறிக்கையை அனுப்பிவிட்டேன். உத்திரத்தில் இருந்தது எல்லாக் காட்டிலும் கிடைக்கிற சாதாரண மரக்காளான்தான். ஆய்வகத்தில் என் கவனக்குறைவால் மாதிரிகள் மாறிப்போய்விட்டன. முதலில் சொன்னது என் தவறு. அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சார் நுண்ணோக்கி ஸ்லைடை வாங்கிப் பார்த்தார். காய்ந்த துண்டு இருந்த உறையையும் பிரித்துப் பார்த்தார். இரண்டிலும் சாதாரணக் காளான்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்க்கவில்லை. "நினக்கு அறியாமோ நீ எந்தாணு செய்ததெந்நு?" என்று மட்டும் கேட்டார். நான் என்ன செய்தேன் என்று தெரியும் சார் என்றேன். அறிக்கையின் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. லயத்துப் பிள்ளை பாயில் ஓடு விழுந்த விஷயம் பத்திரிகைக்குப் போய்விடும் என்று பயந்திருக்கலாம். அவ்வளவு கெட்டவர் இல்லாமலும் இருக்கலாம்.

அறிக்கையின் பிரதி யூனியன் ஆபீசுக்கும் போயிருக்கிறது. சாதாரணக் காளானுக்காகக் கூரையை நிறுத்திவைக்க முடியாது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியும்.

அந்த மரத்துண்டை விறகுக்குக் கொடுப்பார்கள். உடனே வாங்கிவிடுங்கள், ஒரு நாளும் தள்ள வேண்டாம். வாங்கியதும் எரிக்க வேண்டாம். உளுத்த மரம், புகைதான் வரும்.

கௌசல்யா


பொன்முடி, ஐந்தாம் லயம்
20-7-2024

கௌசல்யாவுக்கு மதினி எழுதுவது.

இங்கே மூன்று பேரும் நலம். ஜானவிக்கு இருமல் இல்லை. அதை முதலில் எழுத முடிகிறதே, அதுவே பெரிது.

கேஸ் இல்லை என்று ரைட்டர் சொல்லி அனுப்பினார். நோட்டீசை மானேஜர் கிழிக்கவில்லை, மழை கிழித்தது. யூனியன்காரர்கள் உன் அறிக்கையை மானேஜர் மேஜையில் விரித்துவைத்துப் பேசினார்கள். மற்ற ஐந்து வீட்டுக்கும் தகரம் வந்துவிட்டது. ஓடு தருவேன் என்றவர் தகரம் தந்தார், அதிலும் திருட்டு. மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்பதில்லை. ஒழுகவும் இல்லை. வாசல் போர்டை முத்தாரம்மாள் அத்தை பிடுங்கிக் கக்கூசுக்குக் கதவாக வைத்திருக்கிறாள். உள்ளே போகிற எல்லாரும் அபூர்வ உயிரினம்தான் என்கிறாள்.

மரத்துண்டை அன்றே போய் வாங்கினேன். "விறகுதானே, எடுத்துட்டுப் போ" என்று மானேஜர் காலால் தள்ளினார். மேலெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. நானும் அத்தையும் மாற்றி மாற்றிச் சுமந்தோம். நீ சொன்னபடி எரிக்கவில்லை. உளுத்த மரத்தை வீட்டில் வைத்து என்ன செய்ய? சோலைக்குள் ஓடையோரமாகப் போட்டுவிட்டேன்.

அங்கே விறகு பொறுக்குகிறவர்கள் எடுத்துவிடக் கூடாதே என்று யோசித்தேன். மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி கட்டினால் யாரும் தொட மாட்டார்கள். ஆனால் அடுத்த வாரமே ஒருவன் உண்டியல் வைப்பான். அதனால் அந்த விறகில் சோறு பொங்கினால் வயிறு பிடுங்கிக்கொண்டு போகும் என்று எல்லா லயத்திலும் சொல்லிவைத்தேன். இப்போது அந்தப் பக்கமே யாரும் போவதில்லை.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். மேலே பழையது கறுத்துச் செத்துக் கிடக்கிறது. கீழ்ப்பக்கம், மண்ணைத் தொடுகிற இடத்தில், விரல் அகலத்துக்குப் புதிதாக ஏதோ விளிம்பு கட்டியிருக்கிறது. வெளிறின மஞ்சள். தொட்டால் ஈரமாக, உள்ளங்கை மாதிரி இருக்கிறது. அது என்ன என்று எனக்குத் தெரியாது. சாதாரணக் காளான் என்று நீதான் எழுதிக் கொடுத்துவிட்டாயே, அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

உன் வேலை என்ன ஆயிற்று என்று நீ எழுதவில்லை. தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் நீ உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகப் பஸ் கண்டக்டர் சொன்னார். உன் அண்ணன் அதைக் கேட்டதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்குக் கழியை நகர்த்தியதை நான் மறக்கவில்லை. மறக்கவும் மாட்டேன். அது வேறு, இது வேறு.

லீவு கொடுப்பார்கள் என்றால் இந்த மாதக் கடைசிக்குள் வா. மழை நின்றால் அதெல்லாம் இருக்குமோ என்னவோ. குடை கொண்டு வா, காலில் ஏறுகிற அட்டைக்கு உப்பு நான் வைத்திருக்கிறேன். உன் நுண்ணோக்கி, கேமரா ஒன்றும் வேண்டாம்.

தனியாக வா.

நாச்சியார்